மாரிசெல்வியின் பரிசுக் கடிதம்

சாத்தூர்
செப்டம்பர் 7

அன்புள்ள பிரீத்திகாவுக்கு,

ஞானபூரணி டீச்சர் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் வீட்டில் காலேப் சாரும் சுகம். லண்டன் சாப்பாடு பழகிவிட்டதா? போகும்போது இருந்த வறட்டு இருமல் போய்விட்டதா?

உன் மின்னஞ்சல் படித்தேன். பரிசளிப்பு விழாப் படங்களைப் பார்த்து நெகிழ்ந்துபோனதாகவும், வீடியோ காலில் அப்பா கண்கலங்கியதாகவும் எழுதியிருக்கிறாய். மாரிசெல்வியின் கடிதத்தை உன் கல்லூரிக் கட்டுரையில் சேர்க்க அனுமதியும் கேட்டிருக்கிறாய். பதில் சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் அது விழவில்லை.

சனிக்கிழமை எழுத்து வகுப்பு இப்போதும் நடக்கிறது. இந்த வருடம் உன் அப்பா புது பெஞ்சுகள் வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் 'சீனிவாசகம் அன்பளிப்பு' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பெயிண்ட் காய்வதற்குள் சாய்ந்து உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் அவர் பெயரைச் சட்டையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஜூலையில் ஒரு பயிற்சி கொடுத்தேன். மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று ஊருக்குப் புத்தி சொல்ல வேண்டாம். உண்மையான ஓர் ஆளிடம் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டியதைக் கேட்டு, அவர் மறுக்க முடியாதபடி எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் செல்போன் கேட்டு அப்பாவுக்கு எழுதினார்கள். ஒன்பதாம் வகுப்பு மாரிசெல்வி உன் அப்பாவுக்கு எழுதினாள்.

அவளுடைய அம்மா சண்முகத்தாய், அச்சங்குளத்தில் உங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குழாய்க்குள் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்க்கிறார். ஒரு வருடமாக மூச்சிளைப்பு. ஒருநாள் தலைசுற்றி மருந்துத் தட்டின் மேலேயே சாயப் போனவரைப் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தட்டு கீழே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டாசுக்காரர் மகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி போர்மேன் ஆண்டிச்சாமியிடம் கெஞ்சியதற்கு, சீசன் முடியட்டும் என்றிருக்கிறார்.

அதைத்தான் பிள்ளை எழுதினாள். அம்மாவின் கை தினமும் வெள்ளியாக வீட்டுக்கு வருகிறது, எந்தச் சோப்புக்கும் போவதில்லை, அதனால் அம்மா சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறாள், கூலி குறைந்தாலும் சரி, பேக்கிங்கில் போடுங்கள் ஐயா என்று ஒரே பக்கம். நான் ஒரு காற்புள்ளிகூடத் திருத்தவில்லை. நானே கொண்டுபோய் உன் அப்பாவிடம் கொடுத்தேன்.

படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டீச்சர், எம்புட்டு அருமையா எழுதியிருக்கு இந்தப் பிள்ள!" என்றார். காரியம் முடிந்தது என்று நம்பி, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அந்தக் கடிதம் உங்கள் பிரஸ்ஸில் பளபளப்புத் தாளில், ஓரமெல்லாம் பூவோடு அச்சாகி வந்தது. உன் அப்பா தலைவராக இருக்கிற இலக்கிய வட்டம், சிறந்த இளம் எழுத்தாளர் என்று பரிசு அறிவித்தது. கல்யாண மண்டபத்தில் விழா. மதுரையிலிருந்து வரவழைத்த பேராசிரியர் ஒருவர் அந்த வெள்ளிக் கையை மட்டும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடவில்லை. அது உழைப்பின் குறியீடாம். தாய்மையின் நிலவொளியாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிசெல்வி, "அது அலுமினியப் பவுடர்தான டீச்சர்? அவுக எதுக்கு நிலாங்கிறாக?" என்று காதில் கேட்டாள். அவளுடைய அம்மா விழாவுக்கு வரவில்லை. சீசன் என்பதால் லீவு கொடுக்கவில்லை.

ஏற்புரைக்கு நாலு வரி சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் இரண்டோடு நிறுத்திவிட்டு உன் அப்பா பக்கம் திரும்பினாள். "ஐயா, எங்கம்மாவ எப்ப மாத்துவீக?" என்றாள்.

உன் அப்பா கொஞ்சம்தான் தடுமாறினார். உடனே மைக்கை வாங்கி, "பாத்தீகளா, பிள்ளைக்கு என்னா தைரியம்! இதுதாங்க எழுத்தோட சக்தி!" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பேராசிரியர் எழுந்து நின்று தட்டினார். எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். மறுநாள் காலை சண்முகத்தாய் அதே ரூமுக்குத்தான் வேலைக்குப் போனார்.

போன வாரம் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். கடிதத்தைச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறாராம். "சீசன்ல கை தேர்ந்த ஆள மாத்த முடியுமா டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்றார். வடை வரவழைத்தார். நான் தொடவில்லை.

உன் அப்பாவைப் பற்றி உன்னிடமே இப்படி எழுதுவது அழகில்லைதான். ஆனால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால்கூட அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். படித்தார், அழுதார், ரசித்தார், ஆணி அடித்து மாட்டினார். அதில் கேட்டிருந்ததை மட்டும் காதில் வாங்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு எழுதத்தானா இத்தனை வருடமாகப் பிள்ளைகளைத் தயார் செய்தேன் என்று கூசுகிறது.

அனுமதி தர நான் யார்? மாரிசெல்வியிடம் கேட்டேன். "அந்த அக்கா அவுக அப்பாட்ட சொல்லுவாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்று நீ கேட்டபோது உங்கள் வீடே கூடாது என்றது. நீ ஒரு பக்கம் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். அந்த வாரமே சம்மதித்தார். அது அப்படியொன்றும் நல்ல கடிதமில்லை அம்மா. பிழை திருத்தியது நான்தானே. எழுதியது அவர் மகள், அதனால் பலித்தது. ஆகவே நீ அழகாக எதுவும் எழுத வேண்டாம். போனை எடுத்துக் கேள். தீபாவளி லோடு ஏறுவதற்குள் கேள்.

உன் நன்மையையே நாடும்,
ஞானபூரணி


சாத்தூர்
செப்டம்பர் 28

அன்புள்ள பிரீத்திகாவுக்கு,

நீ போனில் பேசிய மறுநாளே சண்முகத்தாயைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். சீசனில் முடியாது என்றது ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. மூச்சிளைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாரிசெல்விக்குத் தரையில் கால் பாவவில்லை. கடிதத்தை உன் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நீ செய்ததை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பா ஆளைத்தான் மாற்றினார். ரூமை மாற்றவில்லை. அதே நெருக்கடி, அதே புழுக்கம், இருக்க வேண்டியதற்கு மேல் அதே கூட்டம். சண்முகத்தாய் உட்கார்ந்த இடத்தில் இப்போது பேச்சியம்மாள் என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. இன்னும் 'ர'வுக்கும் 'ற'வுக்கும் தடுமாறுகிறாள். உன் அப்பாவை அழ வைக்கிற மாதிரி ஒரு கடிதம் எழுத அவளுக்குப் பல வருடம் ஆகும்.

அதுவரை அந்த ரூமுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன். நீயும் உங்கள் இருக்கன்குடி அம்மனை வேண்டிக்கொள். வேண்டி முடித்ததும் அப்பாவுக்கு இன்னொரு தடவை போன் போடு, என் கண்ணு.

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளையும், கேட்டதைக் காதில் வாங்குகிற மனசையும் தரட்டும்.

உன்,
ஞானபூரணி டீச்சர்