நடுக்கட்டத்துச் சிவப்பு

செவ்வாய்க்கிழமை இரவு, நெல்லியடி

அம்மா விட்டுப்போன சேலைகளை வெட்டி, கனடாவில் இருக்கும் தங்கைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். சேலைகளைப் படமெடுத்து, போர்வை வடிவமைக்கும் செயலியில் போட்டேன். அவள் தன் கைபேசியில் கட்டம் கட்டமாகத் தெரிவுசெய்து அனுப்பினாள். நடுவில் சிவப்பு.

இன்று, வெட்டிய துண்டுகளை வீடியோவில் காட்டினேன்.

"அக்கா, உது அம்மாவின்ரை கலியாணக் கூறைச் சேலையெல்லே! உதையேன் வெட்டினனீங்கள்?"

"நீதானேடி நடுவிலை வை எண்டனீ."

"ஃபோனிலை வெறும் சிவப்புக் கட்டமாத்தானே தெரிஞ்சது. என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு அதைக் கேக்க இருந்தனான். ஒருக்கால் கேட்டிருக்கலாமே?"

அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

வெட்டும்போது அது கூறை என்று எனக்குத் தெரியும். அவளும் தெரிந்துதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். எதையும் இரண்டு தரம் கேட்கிறவள் நான்; இதை மட்டும் கேட்கவில்லை. முந்தானை மிஞ்சியிருக்கிறது. அனுப்பட்டுமா என்று அவளுக்குச் செய்தி எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன்.