ஆறு கோடு, ஒரு கையெழுத்து

செவ்வாய், 9 ஆகஸ்ட் 1983

காலையிலிருந்தே வெயில். ஜன்னல் திரை துவைத்தேன். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்க மூன்று ஒப்பந்தம். எல்லாவற்றின் கடைசியிலும் சாட்சிகள்.

சபையில் எனக்கு ஞானஸ்நானம் 21, ஞாயிறு. ஃபாரம் இந்த ஞாயிறே வேண்டுமாம். பெயர், வயது எழுதியாயிற்று. அடுத்து "இரட்சிக்கப்பட்ட தேதி". அதற்குக் கீழே "சாட்சி", ஆறு கோடு. கோடுகளை நிரப்பிவிடலாம். தேதி?

என்னைச் சபைக்குக் கூட்டிப்போன ஸ்டெல்லா தன் தேதியை மணியோடு சொல்கிறாள். "உனக்கு மட்டும் எப்படிலா இல்லாமப் போகும்? நல்லா யோசி."

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வியாழன், 11

மழை. மினி பஸ்ஸில் குடை மாறிவிட்டது. வந்தது என்னுடையதைவிட நல்ல குடை.

தேதி தேடி இந்த வருடப் பக்கங்களைப் புரட்டினேன். பிப்ரவரி: பல்வலி. மார்ச்: நூலகத்துக்குத் திருப்ப வேண்டியவை, நான்கு. மே 3: "அப்பாவைப் பற்றிப் பேசினேன். பாதியில் எழுந்து போகவில்லை."

ஆஸ்பத்திரியில் அப்பா போன நேரம் நான் தோழிகளோடு சினிமாவில். நான்கு வருடச் சுமை. மன்னிப்பு இலவசம் என்று பாஸ்டர் சொன்னபோது நம்பவில்லை. இலவசம் என்றால் வேறு எதிலாவது பிடித்துக்கொள்வார்கள். பிறகு எப்போதோ நம்பியிருக்கிறேன். புத்தகங்களில் ஆட்கள் ஒரே நாளில் மாறுகிறார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டதுபோல. எந்த நிமிடம் என்று தெரியாது. பசிக்கிறது, அவ்வளவுதான்.

சனி, 13. கிள்ளான், அம்மா வீடு

அம்மாவின் கோழிப் பிரட்டல். சொல்ல வாயெடுத்து மூன்று முறை உப்பு கேட்டேன்.

குளித்துவிட்டு வந்தால், என் பையில் ஊறுகாய் வைக்கப் போன அம்மாவின் கையில் ஃபாரம். பேனாவும். "சாட்சி"க்கு நேரே முதல் கோட்டில் அம்மாவின் கையெழுத்து, அடையாள அட்டையின் ஐ.சி. நம்பர்.

"ஆறு கோடு போட்டிருக்கு. ஒரு ஆளு போதுமா? பக்கத்து வீட்டு அக்காவ கூப்பிடவா?"

சபையில் சாட்சி என்றால் நம் அனுபவத்தை நாமே எழுதுவது. அதை விளக்காமல், என்ன ஃபாரம் என்று தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"படிச்சிட்டுதான் போட்டேன். ஒரு வருஷமா நீ கோயிலுக்கு வரல. எனக்கு வருத்தம்தான். ஆனா சித்திரையிலேர்ந்து அப்பா படத்த நிமிர்ந்து பாக்குற. அதுக்கு நான் சாட்சி போடலாம்."

அழவில்லை. ஊறுகாய் பாட்டிலை இரண்டு தடவை இறுக்கி மூடினேன்.

ஞாயிறு, 14

ஸ்டெல்லா புது ஃபாரம் நீட்டினாள். வாங்கவில்லை. தேதிக்கு நேரே "சித்திரை" என்று மட்டும் எழுதினேன்.

பாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். சாட்சி எழுதவில்லையே என்றார்.

"போட்டாச்சு பாஸ்டர். எங்கம்மா."

அந்த ஐ.சி. நம்பரையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோப்பில் வைத்தார்.

21-க்கு: மாற்றுச் சேலை. பெரிய துண்டு. அம்மாவுக்குக் கிள்ளானிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு? முங்கி எழும் தண்ணீர் சில்லென்று இருக்குமா என்று பாஸ்டரிடம் கேட்டுவரச் சொன்னாள் அம்மா. மறந்துவிட்டேன்.