அப்பாவுக்கு ஊர் சுற்றிக் காட்டியது

ஜனவரி 10, சனி. பனி. மூக்கடைப்பு.

பூலாம்பாடி வாழ் பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: மூன்று வருடமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த குறட்டைச் சேவை நேற்று முதல் எங்கள் வீட்டில் மீண்டும் தொடங்கியது. பக்கத்து வீட்டு நாய் வரவேற்புரை ஆற்றியது.

அப்பா வந்துட்டார். சிங்கப்பூரில் கட்டட வேலை, சாரம் கட்டுறது. போன தடவை லீவில் வந்தப்ப நான் எட்டாவது. இப்ப பிளஸ் ஒன். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: “மீசை வந்துருச்சேடா.” வரலை. அது அழுக்கு.

பெட்டியில் சாக்லேட், தைலம், எனக்கு ஒரு சைஸ் சின்னதா ரெண்டு சட்டை. அடியில் திரும்பிப் போற டிக்கெட். 20ஆம் தேதி.

அம்மா தோசைக்கு மாவு கரைச்சிக்கிட்டே சொல்லுச்சு: “இன்னும் ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டா போதுமாம். முட்டியப் புடிச்சிக்கிட்டு நடக்கறாரு, பாத்தியா? இந்தக் காலோட சாரம் ஏறுறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொல்லு.”

நேராச் சொன்னா எடுபடாது. தந்திரம் வேணும்.

தந்திரம் (பரம ரகசியம்): நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் பார்க்க வேண்டியதையெல்லாம் சுத்திக் காட்டி ஆளை மயக்கணும். “இனிமே இங்கேயே இருந்துடறேன்”னு அவர் வாயாலேயே வரணும்.

லிஸ்ட்: ரஞ்சன்குடி கோட்டை. மயிலூற்று அருவி. கங்கைகொண்ட சோழபுரம். யாருக்கும் தெரியாத எடம்: பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பின்னாடி முட்டை போண்டா.

கூட்டாளி ஜெகன் கரைவெட்டி ஏரியைச் சேர்க்கச் சொன்னான், வெளிநாட்டுப் பறவை வந்திருக்காம். வேணாம்னுட்டேன். வந்துட்டுத் திரும்பிப் போற ஐட்டம் எதையும் காட்டக் கூடாது.

பந்தயம்: நான் ஜெயிச்சா ஜெகன் என்னை ஒரு மாசம் ‘கைடு சார்’னு கூப்பிடணும். ஜெயிப்பேன். நான் பேசினா கல்லு கரையும். போன வருஷம் ஹெட்மாஸ்டரே கரைஞ்சார்.


ஜன. 12. வெயில் சுள்.

சித்தப்பா வண்டியில் ரஞ்சன்குடி. அப்பா ஓட்டினார். பைபாஸில் ரெண்டு இடத்தில் வழி கேட்டார், என்கிட்ட.

கைடு வேலை அமர்க்களம். “நவாபு ஆளுங்க இங்கதான்ப்பா துணி காயப் போட்டாங்க.”

“இந்த ஓட்டை எதுக்குடா?”

“எதிரி வந்தா மொளகாப்பொடி தூவ.”

தலையாட்டிக்கிட்டே போனார். வாசல் போர்டை நின்னு முழுசாப் படிச்சுட்டு வந்தார். “மொளகாப்பொடி பத்தி ஒண்ணும் போடலியேடா.”

“ராணுவ ரகசியம்ப்பா. போர்டுல போடுவாங்களா?”

அப்படிச் சிரிச்சார். அவர் சிரிச்சா ஒரு பக்கம் பல் இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரியும். போனில் எப்பவும் இன்னொரு பக்கம்தான் காட்டுவார் போல.

அப்புறம் மதில்ல கை வெச்சு மேலே பார்த்தார். “இந்த ஒசரத்துக்கு எப்படிச் சாரம் கட்டியிருப்பான்...” ரொம்ப நேரம் அதே பார்வை. வேலை ஞாபகம்! காட்டக் கூடாத இடத்தைக் காட்டிட்டேன். கோட்டைக்குக் கூட்டிப் போய்க் கோட்டை விட்டேன்.

இறங்கும்போது படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினார், செவுத்தைப் புடிச்சிக்கிட்டு. நான் போனைப் பார்க்கிற மாதிரி நின்னுக்கிட்டேன்.


ஜன. 14, போகி. ஊரே புகை.

மயிலூற்று. தண்ணி இல்லை. அருவி இல்ல, அறுவை. ஜெகனும் கூட வந்தான்.

அப்பா பாறையில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்ச்சார். “சத்தமே இல்ல பாரு. நல்லாருக்கு.”

ஜெகன் சும்மா இருக்க மாட்டானே. “மாமா, சிங்கப்பூர்ல கண்டிப்பாப் பாக்க வேண்டிய எடம் எது மாமா?”

அப்பா யோசிச்சார். நெசமாவே யோசிச்சார்.

“ரூமுக்கும் சைட்டுக்கும் நடுவுல ஒரு சிக்னல் இருக்கு தம்பி. காலைல லாரி பின்னாடி உக்காந்து போவோம்ல, அங்க ஒரு தூங்குமூஞ்சி மரம். நம்மூருல இருக்கே, அதேதான். ஆனா பெருசு. ரோட்டுக்கு அந்தாண்ட வரைக்கும் கெளை. பச்சை விழுந்தா லாரி போயிரும், ஒண்ணும் தெரியாது. சிவப்பு விழுந்தா நல்லாப் பாக்கலாம். சிவப்பு விழணும்னு நாங்க அத்தன பேரும் வேண்டிக்குவோம்.”

“அவ்ளோதானா? பெரிய பெரிய ஓட்டலு, மேல நீச்சல் கொளம்...”

“ஓட்டலுக்குச் சாரம் கட்டியிருக்கேன். முடிஞ்சதும் பிரிச்சு ஏத்திட்டு வந்துருவோம். உள்ள போனதில்ல.”

நான்: “தூங்குமூஞ்சிங்க சேந்து தூங்குமூஞ்சி மரத்தைப் பாத்துருக்கீங்க.”

யாரும் சிரிக்கலை. அப்பா மட்டும், கொஞ்சம் லேட்டா.


ஜன. 16, மாட்டுப் பொங்கல்.

மாடு இல்லாத குடும்பம். சித்தப்பா பைக்கைக் கழுவி, பொட்டு வெச்சு, ஹேண்டில்பாரில் மாலை போட்டேன். அது முட்டவே இல்லை.

சாயந்தரம் அப்பா கூப்பிட்டார். வந்து ஒரு வாரம் ஆகியும் அவருக்கு வீடு பிடிபடலை. “டேய், இந்த ரூம்ல லைட்டு சுவிட்சு எது?”

காட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. “பாத்ரூமுக்கு?”

இந்த வீடு அவர் அனுப்பின காசில் கட்டினது. கட்டி முடிஞ்சு ரெண்டு வருஷம். வீடியோ காலில்தான் பார்த்திருக்கார். சரின்னு துண்டைத் தோளில் போட்டுக்கிட்டு, “வாங்க சார், வாங்க, உலகப் புகழ் பெற்ற இல்லம், செருப்பைக் கழட்டிட்டு வாங்க”ன்னு ரூம் ரூமாச் சுத்திக் காட்டினேன். டூரிஸ்டு மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கிட்டு வந்தார்.

அடுப்படியில் நின்னுட்டார். “ஜன்னல அந்தப் பக்கந்தான வெக்கச் சொன்னேன்?”

அம்மா: “அங்க காத்து வரலீங்க. மாத்திட்டேன். போன்ல சொன்னேன்ல.”

“சொன்னியா?”

“சொன்னேங்க.”

அப்புறம், “தண்ணி எதுல குடிக்கறது?”ன்னு கேட்டார். சொந்த வீட்டில். துணி எடுக்கறேன்னு அம்மா அவசரமாக் கொல்லைக்குப் போயிருச்சு, கொடியில் துணியே இல்லை.

இன்னிக்கு ஜோக் ஒண்ணும் எழுத வரலை.


ஜன. 18, ஞாயிறு. நல்ல காத்து.

கங்கைகொண்ட சோழபுரம். மூணு பேரும் பஸ்ஸில். அம்மா தலையில் நிறையப் பூ. வழியெல்லாம் முந்திரிக் காடு.

கோயிலைப் பத்தி நான் புளுகவே இல்லை. தேவைப்படலை. அப்பா அண்ணாந்து பார்த்தார். இந்தத் தடவை சாரத்தைப் பத்திப் பேச்சே இல்லை! அப்புறம் புல்தரையில் மல்லாந்து படுத்துட்டார். பக்கத்தில் அம்மா.

“இங்கியே கெடக்கலாம் போல இருக்குடி.”

அம்மா என்னைப் பார்த்துச்சு. நான் அம்மாவைப் பார்த்தேன். அங்கேயே ஜெகனுக்கு மெசேஜ்: கைடு சார்னு சொல்லிப் பழகிக்க.

வர்ற வழியில் பெரம்பலூரில் முட்டை போண்டா. அப்பா நாலு சாப்பிட்டார். டிக்கெட் கதை முடிஞ்சுது.


ஜன. 20. பனி.

போயிட்டார்.

திருச்சி ஏர்போர்ட். வாசலில் கூட்டம். எல்லாக் குடும்பமும் அழுதுச்சு. நாங்க இல்லை. நான் விடலை. மூக்கைப் புடிச்சிக்கிட்டு, “பயணிகள் கவனத்திற்கு, ஊறுகாய் பாட்டிலை இறுக்கி மூடவும்”னு அனௌன்ஸ் பண்ணினேன். பக்கத்துக் குடும்பம்கூடச் சிரிச்சுது. அம்மாவும் முந்தானையில் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. என்னை மாதிரி வழியனுப்ப இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. பேசித்தான் நிறுத்த முடியலை. அவர் பிடிவாதம், நான் என்ன பண்ண. என்னால் ஆனது எல்லாம் பண்ணிட்டேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட போயும் திரும்பிப் பார்த்தார்.


ஜன. 21. மேகமூட்டம். ஸ்கூல்.

ஜெகன் பந்தயத்தைப் பத்திப் பேசவே இல்லை. அவன் லன்ச்சில் பாதி எனக்கு வெச்சான். அதுக்கு அவன் கிண்டலே பண்ணியிருக்கலாம்.

நேத்து எழுதினதில் ஓர் இடம் விட்டுப்போச்சு. விட்டுப்போகலை. விட்டேன்.

ஏர்போர்ட் போற வழியில், பாடாலூர் தாண்டி டீக்கடையில் வேன் நின்னுச்சு. அம்மா இறங்கலை. நானும் அப்பாவும் மட்டும். அவர் டீயை ஊதிக்கிட்டே, ரோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டார்: “என்னடா, வண்டியத் திருப்பச் சொல்லிருவமா?”

அவ்வளவு நாளா எதுக்குச் சுத்தினேனோ, அந்தக் கேள்வி. வெளையாட்டாக் கேட்டாரா, நெசமாக் கேட்டாரா, தெரியாது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பலை.

‘இருங்கப்பா’ன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொன்னா அங்கேயே அழுதுடுவேன்னு தெரிஞ்சுது, டீக்கடையில், அத்தனை பேர் நடுவில். அதனால் வேற ஒண்ணு சொன்னேன்.

“திருப்பிட்டா எனக்கு ஐபோன் வாங்கித் தர யாருப்பா கேரண்டி?”

டீ மாஸ்டர் சிரிச்சார். அப்பாவும் சிரிச்சார். “அதுவுஞ்சரிதான்”னு கிளாஸை வெச்சுட்டு, முட்டியைப் புடிச்சிக்கிட்டு வேனில் ஏறினார்.

இன்னிக்குச் சாயந்தரம் போன் பண்ணினார். ரூமுக்கு வந்து சேர்ந்துட்டாராம். சாப்பிட்டாராம். அப்புறம், “எந்த மாடலுடா?”ன்னு கேட்டார்.