ஒரே வாசலில் நான்கு பண்ணை

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, எனக்குக் கோபம்தான் இன்னும் இறங்கவில்லை. அந்த இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது. போனில் பேசினால் நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

நீ ஊரில் இருந்தபோது மாமாவின் கோழிப் பண்ணை ஒரே கொட்டகை. இப்போது நம் பின்சுவரிலிருந்து ரோடு வரைக்கும் நான்கு நீளக் கொட்டகை, கூண்டுக்கு மேல் கூண்டு, ஒரு கோழிக்கு இறக்கையை விரிக்கக்கூட இடமில்லை. எச்சம் எல்லாம் ஒரே குழிக்குப் போகிறது. ஈ என்றால் அப்படி ஒரு ஈ. நான் தைத்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் கரும்புள்ளி வைத்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்காரர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. உன் அப்பா ஒரு கையால் ஈயை விரட்டிக்கொண்டே மச்சான் மனசு நோகக் கூடாது என்கிறார், இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

இத்தனை கோழிக்கு மேல் போனால் அனுமதி வாங்க வேண்டும், குழிக்குச் சிமெண்ட் போட வேண்டும், வீடுகளை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உன் மாமா அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். நான்கு கொட்டகையையும் நான்கு பேருடைய சின்னச் சின்னப் பண்ணை என்று காட்டிவிட்டால் எந்தச் சட்டமும் ஒட்டாதாம். ஒன்று அவன் பெயரில், ஒன்று உன் அத்தை பெயரில், ஒன்று அவள் தம்பி பெயரில். நான்காவதுக்கு என்னிடம் வந்து, சும்மா ஒரு பேருதானேக்கா, உனக்கு என்ன குறைஞ்சுபோகுதுன்னு கேட்டான். என் கிணத்தைக் கெடுக்கிற பண்ணைக்கு நானே முதலாளியாடா, போய் வேலையைப் பாரு என்றேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, அன்றிலிருந்து நம் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் அதிகாரி அம்மா வந்தார். அதற்குள் கொட்டகைகளுக்கு நடுவே கம்பி வேலி, வாசலுக்கு வாசல் பெயர்ப் பலகை. நானும் கூடவே உள்ளே போனேன். ஒரே கேட், ஒரே தண்ணீர்த் தொட்டி, முட்டை ஏற்ற ஒரே லாரி, வேலி போட்டால் நான்கு பண்ணை ஆகிவிடுமா, நான்கூடத்தான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் திரை போட்டிருக்கிறேன், எனக்கு இரண்டு வீடா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். உன் மாமா சிரிக்கவில்லை, நான்காவது பலகையைக் கையால் காட்டினான். பெயிண்ட்கூடக் காயவில்லை. உன் பெயர்.

பெற்றவள் வாயை மூடிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். ஏன்டா, அவன் கேட்டான் என்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்புவாயா?  இருந்தாலும் அந்த அதிகாரி அம்மாவிடம் சொன்னேன், இது என் மகன் பெயர்தான், அவன் இந்தக் கொட்டகையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, சந்தேகம் இருந்தால் அவனையே கேளுங்கள் என்று உன் போன் நம்பரை நானே சொல்லி எழுத வைத்தேன்.

கூப்பிடுவார்கள். போனை எடு. உள்ளதைச் சொன்னால் மாமா உறவு போய்விடும் என்று பயப்படுவாய். எனக்குப் போய்விட்டது, இரண்டு வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இல்லை, பண்ணை என்னுடையதுதான் என்று சொல்வதானால் அதையும் தாராளமாகச் சொல். கோர்ட் வரைக்கும் வருவேன், எதிராளி யார் என்று பார்க்கமாட்டேன்.

நீ எந்தப் பக்கம் நின்றாலும் எங்கள் ஆசீர்வாதம் குறையாது. இருமலுக்கு மருந்து வாங்கிக் குடி.

இப்படிக்கு,
உன் பண்ணைக்கு அடுத்த வீட்டுக்காரி,
அம்மா