ஒரே வாசல் போட்ட படம்

அன்புள்ள சிநேகிதரே,

போன வாரம் உங்கள் மாமாவின் பேரன் என் வீட்டுக்கு வந்தான். கையில் பெரிய கண்ணாடிச் சட்டம். உள்ளே படம் எதுவும் இல்லை, வெறும் அட்டைதான். அதைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து போகும்போதும் வரும்போதும் அதில் என் மூஞ்சிதான் தெரிகிறது. நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. செத்தவருக்குக் கடிதம் எழுதினால் கிறுக்கன் என்பார்கள். சொல்லட்டும். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் ஊர் மண்டபத்துக்கு ஐம்பது வயசாகிறதாம். விழா எடுக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், நீங்கள் துணியில் வரைந்த முதல் பிளானை மாட்டப் போகிறார்களாம். அது இன்னும் என்னிடம் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே போட வாசகம்கூட எழுதிக்கொண்டு வந்திருந்தான். ‘எல்லோருக்கும் ஒரே வாசல் என்று அன்றே கனவு கண்ட எங்கள் முன்னோர்’ என்று நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாருடைய கனவு, யாருடைய முன்னோர்!

நாம் இருவரும் ஒப்பணக்காரத் தெரு மாடி ஆபீஸில் வேலை பார்த்த காலம் நினைவிருக்கிறதா? மலையிலிருந்து பைக்காரா கரண்டு வந்து ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. மதுக்கரையில் சிமெண்டு ஆலை புகைய ஆரம்பித்திருந்தது. நீங்கள் கிணத்துக்கடவில் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை, டிராப்ட்ஸ்மேன். நான் கோட்டைமேட்டுக்காரன், பிரிண்ட் எடுக்கிறவன். ஒரே வயசுதான், ஆனாலும் கடைசிவரை வாங்க போங்க என்றுதான் பேசிக்கொண்டோம். மெட்ராஸிலிருந்து மாசம் ஒரு தடவை ஆர்க்கிடெக்ட் வருவார், காபி குடிப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். படத்தின் மூலையில் அவர் பெயருக்குக் கட்டம் உண்டு. உங்கள் பெயருக்கு ஒரு எழுத்து அளவுகூட இடம் கிடையாது.

நீங்கள் மெழுகுபோல வழவழக்கும் டிரேசிங் துணியில் மைக்கோடு இழுப்பீர்கள். நான் அதை ரசாயனம் பூசிய காகிதத்தின் மேல் விரித்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, மொட்டை மாடி வெயிலில் வைப்பேன். ஆடி மாசத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் வந்து வந்து மறைக்கும். நான் மேகத்தைத் திட்டுவேன். நீங்கள் ஜன்னலில் தலையை நீட்டி, “அதுக்குக் காது இல்லீங்க பாய், தொண்டைத் தண்ணிய மிச்சம் பண்ணுங்க” என்பீர்கள். பிறகு காகிதத்தைத் தொட்டியில் சிறுவாணித் தண்ணீரில் அலசினால் காகிதம் முழுக்க நீலமாகும், உங்கள் கோடுகள் மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிஷம் எனக்குச் சலித்ததில்லை.

அந்த ஆபீஸுக்கே உரிய இன்னொரு வழக்கமும் இருந்தது. கட்டடம் முடிந்து படம் வேண்டாம் என்றாகிவிட்டால் துணியை யாரும் எறிய மாட்டோம். சுடுதண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் கஞ்சியும் மையும் கழன்று, மல்மல்போல மெல்லிய துணி கிடைக்கும். உங்கள் கைக்குட்டை ஒரு பங்களாவின் சமையலறை. எங்கள் வீட்டுத் தலையணை உறை ஒரு ஆலையின் கொதிகலன் அறை. என் மகள் பிறந்தபோது ஒரு பஞ்சுக் கிடங்கின் படத்தை நீங்களே கொண்டுவந்து கொடுத்தீர்கள். என் மனைவி அதில் குட்டிச் சட்டை தைத்தாள்.

அப்போதுதான் மண்டபத்து வேலை வந்தது. நாடகம், கச்சேரி, சொற்பொழிவு நடத்த ஒரு கூடம், மேலே வாசகசாலை. ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி போட்டார்கள், தலைவர் உங்கள் சொந்தத் தாய்மாமன். நீங்கள் அந்தப் படத்துக்கு உயிரைக் கொடுத்தீர்கள். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் மேடை தெரிய வேண்டும் என்று நூல் பிடித்துப் பார்த்தீர்கள். முன்னால் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரே வாசல். கூட்டம் முழுக்க அதில்தான் போக வேண்டும், அதில்தான் வர வேண்டும். நான் இரண்டு நீலப் பிரிண்டு எடுத்தேன். ஒன்று மெட்ராஸுக்குப் போயிற்று, மற்றொன்று கமிட்டிக்குப் போயிற்று.

கமிட்டிக்குப் போனது ஒரு வாரத்தில் சிவப்புப் பென்சில் கோடுகளோடு திரும்பி வந்தது. வடக்குச் சந்துப் பக்கம் ஒரு சின்னப் பொத்தல், உள்ளே குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் உங்கள் மாமாவின் குண்டு குண்டான எழுத்து: ‘சேரி ஜனங்களுக்கு வடபுறம் தனி வாசல். உள்ளே தட்டி மறைப்பு.’ கீழே கையெழுத்து.

அன்று நான் சொன்னது இன்னும் என்னைக் குத்துகிறது. ஊரில் எல்லோரோடும் சண்டைக்கு நிற்கிற நான், உங்களிடம் போய், “போட்டுக் குடுத்துருங்க. நீங்க போடாட்டி வேற ஒருத்தன் போடப்போறான். பொழப்பைப் பாருங்க” என்றேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. பேனா முனையைத் துடைத்துக்கொண்டே, “உங்களுக்கும் முன்வாசல், எனக்கும் முன்வாசல். நமக்கு நட்டமில்லீங்கறதாலதான் பாய், நாம இதப் போடக்கூடாது” என்றீர்கள். நான் மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் நின்றுகொண்டேன்.

மறுநாள் மாமாவே படியேறி வந்தார். கமிட்டித் தலைவர் என்ற தோரணையே இல்லை. உங்கள் தோளில் கை போட்டு, “கண்ணு, ஒரு சின்ன வாசல், உள்ளார ஒரு தட்டி. அவ்வளவுதான். போட்டுக் குடுத்துப்போடு” என்றார்.

“வேண்டாமுங்க மாமா.”

“ஊரு ஒத்துக்க வேண்டாமா கண்ணு?”

“ஊரு வேணும்னா போட்டுக்கட்டுமுங்க. என்ர கை போடாதுங்க.”

குரலை உயர்த்தவே இல்லை நீங்கள். அந்த வாரமே வேலை போயிற்று. போகும்போது துணிப்படத்தையும் சிவப்புக் கோடு போட்ட நீலப் பிரிண்டையும் ஒன்றாகச் சுருட்டி, என் பழைய தகரக் குழலுக்குள் செருகினீர்கள். “வெயில் படாம வைங்க பாய்” என்று மட்டும் சொன்னீர்கள். வேறொருவர் இரண்டு வாசல் போட்ட படம் வரைந்தார், மண்டபம் எழும்பிற்று.

திறப்பு விழா அன்று முன்வாசலில் தோரணமும் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக மாமா நின்றிருந்தார். மருமகன் எப்படியும் வருவான் என்று அவருக்குத் தெரியும். வந்தீர்கள். அவரைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். கும்பிட்ட கையை இறக்காமலே வடக்குச் சந்துக்குள் திரும்பினீர்கள். சந்தனத்தில் நனைத்த விரலோடு அவர் அப்படியே நின்றதை நான் பார்த்தேன். என் கால் ஒரு நிமிஷம் தயங்கியது, மறைக்க மாட்டேன். பிறகு உங்கள் பின்னால் வந்துவிட்டேன்.

தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி பதறிப்போனாள். “இங்க எதுக்குங் சாமி வந்தீங்க? முன்னால எடம் கெடக்குதுங்களே!”

“பிளான் போட்டவன் நானுங்கம்மா. எங்க ஒக்காந்தா ஒண்ணும் தெரியாதுன்னு பாக்க வந்தனுங்க” என்றீர்கள்.

அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். சற்று நேரத்தில் மாமா ஆள் அனுப்பினார். “ஐயா உங்கள முன்னால வரச் சொன்னாருங்க.” நீங்கள் முழு மண்டபத்துக்கும் கேட்கிற மாதிரி, “இங்கிருந்து ஒண்ணுமே தெரியலீங்கன்னு ஐயாகிட்டச் சொல்லுங்க” என்றீர்கள். வாழ்நாளில் நீங்கள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். தட்டிக்கு அடியில் மேடையின் தரைதான் தெரிந்தது. யார் ராஜா, யார் மந்திரி என்று செருப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். நாடகம் முடிகிறவரை நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் ஊரில் பேச்சு கிளம்பிற்று. முதல் பிளானில் ஒரே வாசல்தானாம், தலைவர்தான் மாற்றினாராம் என்று. அந்தத் துணி வெளியே வந்துவிடக் கூடாது என்று மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆபீஸில் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. ஒரு நாள் காலையில் எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் அவர் கார் முனையில் நின்றது. அவர் நடந்து வந்தார்.

“பாய், அந்தத் துணி உங்ககிட்ட இருக்குதுன்னாங்க. குடுத்துப்போடுங்க. நமக்குள்ள எதுக்குங்க வம்பு?” என்றார். அந்த மரியாதைக்குள் என்ன இருந்தது என்று எனக்குப் புரியாமலில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் இந்த ஊரில் எனக்கு யாரும் பிரிண்ட் வேலை கொடுக்க மாட்டார்கள். தகரக் குழல் என் தலைக்கு மேலே பரணில் இருந்தது. அண்ணாந்து பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “அத எப்பவோ தொவச்சுப் புள்ளைக்குச் சட்டை தெச்சுப்போட்டனுங்க.”

நான் உள்ளே போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். “பாருங்க, கோடுகூட முழுசாப் போகல” என்று சட்டையின் ஓரத்தைக் காட்டினேன். பஞ்சுக் கிடங்கின் சுவர்க்கோடு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். “என்ர மருமகன் கோடுதான்” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, “வாரேனுங்க” என்று போய்விட்டார். நீலப் பிரிண்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. தன் கையெழுத்து அதில் இருப்பதை மறந்தே போயிருந்தார்.

இதை உங்களிடம் சொன்னபோது மதுக்கரையில் உங்கள் வாடகை வீட்டில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். குடியிருப்புகளுக்குச் சின்னச் சின்னப் பிளான் போட்டே மிச்ச நாட்களை ஓட்டினீர்கள். இன்னொரு மண்டபத்துக்கு உங்களை யாரும் கூப்பிடவில்லை.

போன வாரம் வந்த பேரன் கெட்டவன் இல்லை. நான் குழலைத் திறந்து இரண்டு படத்தையும் அவன் முன்னால் விரித்தேன். துணியைப் பார்த்துக் கண் விரிந்தது. சிவப்பு எழுத்தைப் படித்ததும் கண் சுருங்கியது.

“இது எதுக்குங்க தாத்தா? அந்தச் சந்து வாசலை அடைச்சே எத்தனையோ வருசமாச்சுங்களே. பழசக் கௌறி என்ன ஆகப்போகுது? துணிய மட்டும் குடுங்க.”

“கௌறுறது நீதான் கண்ணு. அம்பது வருசத்துக்கு முந்துன படத்தை எடுத்து மாட்டுறது நீ. மாட்டுறதுன்னா ரெண்டையும் மாட்டு. இல்லீன்னா ரெண்டும் இல்ல.”

அவன் எழுந்து போனான். சட்டத்தை வைத்துவிட்டுப் போனது, மனசு மாறுவேன் என்ற நம்பிக்கையில். எனக்கு எழுபத்தாறு வயசு. நான் கண்ணை மூடியதும் யார் மனசு மாறினாலும் ஆச்சரியமில்லை. அன்று உங்களைப் பிழைப்பைப் பார்க்கச் சொன்ன வாய் இது. இந்தத் தடவை அது பேசாமல் இருக்கப் போவதில்லை.

கட்டடக்கலை சொல்லித் தரும் கல்லூரி ஒன்றில் பழைய படங்களைச் சேர்த்துவைக்க ஓர் அறை இருக்கிறது. இன்று காலை மகள் என்னை அங்கே கூட்டிப்போனாள். அறைக்குப் பொறுப்பான பெண் பதிவேட்டைத் திறந்து, “வரைஞ்சவரு யாருங்கய்யா?” என்று கேட்டாள். மூலையில் மெட்ராஸ்காரர் பெயர்தானே இருக்கிறது, அதை எழுதப் போனாள்.

“அவரு கையெழுத்துப் போட்டவரும்மா. வரைஞ்சவரு வேற” என்றேன்.

“அதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“நான்தான் ஆதாரம். இந்தத் துணிய வெயில்ல வெச்சவன் நான். எழுதுங்க.”

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். எழுதினாள். உங்கள் பெயர், அப்பா பெயர், ஊர், எல்லாம் நான் சொல்லச் சொல்ல. பக்கத்தில் ‘பிரிண்ட் எடுத்தவரின் நேர் வாக்குமூலம்’ என்றும் எழுதினாள். நீலப் பிரிண்டைக் காட்டி, சிவப்பு எழுத்து யாருடையது என்று கேட்டாள். அதையும் சொன்னேன், உங்களுக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்து. ஒன்றை விட்டு ஒன்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உறையின் மேல் எழுதவைத்துத்தான் எழுந்தேன். பேரனுக்கு வேண்டுமானால் அங்கே வந்து இரண்டையும் கேட்கட்டும். சட்டத்தை நாளைக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன், இரண்டு படம் மாட்டுகிற அளவில் பெரிதாக வாங்கச் சொல்லி.

கிளம்பும்போது மகள் பையிலிருந்து அந்தக் குட்டிச் சட்டையை எடுத்துக் காட்டி, கதை முழுவதையும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “இதையும் குடுங்கய்யா, படத்தோட சேர்த்துப் பதிஞ்சு வெச்சுக்கறேன்” என்றாள்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உண்மை இரண்டையும் கொடுத்தாயிற்று. இது நானும் என் மனைவியும் உங்களுக்காகச் சொன்ன பொய். என் பெட்டியில், உங்கள் கைக்குட்டைக்கு மேலே மடித்து வைத்திருக்கிறேன். இன்னும் யாராவது கார் போட்டுக்கொண்டு வந்தால், அதே சட்டையை எடுத்து, அதே பொய்யைச் சொல்வேன்.

உங்கள் படங்களை வெயிலில் வைத்த,
பாய்