சொல்லாமல் விட்டால் பூச்சியம்

ஊர்காவற்றுறைக் கடையில் அன்று குடித்த தேநீரின் உப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. "எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று கேட்டேன். கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த கிணற்று உப்பு வரைபடத்தைக் காட்டினார்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. உப்பு பூச்சியம். பிழை உங்கட நாக்கிலை."

கூட்டாளி, அதை வரைந்தது நீரும் நானும் எழுதிய நிரல் நூலகம், அளவுகளைக் கோடாக வரையும் கணினிக் கட்டளைத் தொகுப்பு. நீர் போய்ச் சேர்ந்த பிறகும், நாங்கள் வைத்த விதி சரிதானோ என்று உம்மில் சந்தேகம் வந்தது.

அளக்காத நாளுக்கு என்ன செய்வதென்று பயனர் சொல்லாவிட்டால், எங்கள் நூலகம் தானாகப் பூச்சியம் போடும். அதை 'இயல்பிருப்பு' என்று நான் தமிழ்ப்படுத்தியபோது, "இதென்ன வயித்து வருத்தமோ?" என்று கேட்ட ஆள் நீர். நீர் வைத்த பெயர் 'சும்மா விட்டால்'.

சாட்டிக் கடற்கரையில் ஒருநாள் சொன்னேன்: "ஒரு வரிதானே, இண்டைக்கே மாத்துவம். அளக்காட்டில் படத்திலை கோடு அறட்டும்."

"நெடுந்தீவு அக்காவை மறந்திட்டீரோ?" என்று மறித்தீர்.

அந்த அக்கா நெடுந்தீவுக் கிணறுகளை அளப்பவர். உப்பு இருந்தால் எழுதுவார். இல்லாவிட்டால் வெறுமையாக விடுவார். இல்லாததை எதற்கு எழுதுவது என்பது அவர் கேள்வி. ஊர்காவற்றுறையில் வெற்றிடம் என்றால் ஒருவரும் அளக்கவில்லை. நெடுந்தீவில் வெற்றிடம் என்றால் நல்ல தண்ணீர். மாற்றினால் அவருடைய நல்ல கிணறுகள் படத்திலிருந்தே காணாமல்போகும்.

"சத்தம் போடுறவன் தப்பியிடுவான். பேசாமல் பாவிக்கிறவையை நினைச்சுத்தான் எனக்குப் பயம்" என்றீர். மாற்றத்துக்கு முன்னறிவிப்பாக ஓட்டும்போதெல்லாம் திரையில் வரும்படி மஞ்சள் எழுத்தில் ஒரு வரியை நூலகத்தில் வைத்தீர்: 'வெற்றிடத்துக்கு என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டில் பிறகு கோடு அறும்.' அந்தப் 'பிறகு' வருமுன் நீர் போய்விட்டீர். ஒருவரும் முறையிடவில்லை. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "அது பூச்சியமில்லை. ஒருத்தரும் அளக்கேல்லை."

"அப்ப இவ்வளவு நாளும் ஆரை நம்பிக் குடிச்சனாங்கள்?"

எங்களைத்தான், கூட்டாளி. வெளியே வந்து நெடுந்தீவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மஞ்சள் வரி வருதோ அக்கா?"

"ஓம், ஒவ்வொருக்காலும் வருது. அவர் கதைக்கிறமாதிரிக் கிடக்கு. நிப்பாட்ட மனம் வரேல்லை."

வெற்றிடம் என்றால் பூச்சியம் என்று அவருடைய நிரலில் ஒரு வரி எழுதச் சொன்னேன்.

"எழுதினால் அவர் கதைக்கமாட்டாரே?"

"கதைக்கமாட்டார் அக்கா. ஆனால் உங்கட கிணறு படத்திலை நிக்கும்."

"பொறும், எழுதுறன்" என்றார்.

மற்ற மௌனசாமிப் பயனர்களையும் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டு முடித்த பிறகே விதியை மாற்றிப் புதிய பதிப்பை வெளியிட்டேன். பேசாமல் இருப்பவர் சம்மதித்துவிட்டார் என்று நினைக்க இப்போதெல்லாம் எனக்கு ஏலாது. நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன். உம்மிடம் மட்டும்தான் கேட்க வழியில்லை.