எண்ணெய் வைத்த தலை

1957 மார்ச் 9, சனி

தபசு காலம் தொடங்கிவிட்டது. பெரிய வெள்ளிக்கு நம் கோயில் மைதானத்தில் போடும், ஏசு பாடுபட்ட கதையான பாஸ்கு நாடகத்தை இந்த வருஷம் நான் எழுதுகிறேன். பிலாத்து பேசுகிறான், யூதாஸ் பேசுகிறான், இந்த மாதா மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. மாதா வேஷம் கட்டும் தைரியராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவன். இப்போதே மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்கிறான். "என்னா சார், மகன் செத்துக் கெடக்கான், நான் சும்மா நின்னுட்டு இருக்கவா?"

மார்ச் 12

வந்துவிட்டது! ஒரே மூச்சில்.

"நான் எண்ணெ வச்ச தலை இன்னும் காயலியே, அதுக்குள்ள முள்ளு வச்சிட்டாங்களே!"

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? போன ஐப்பசியில், காய்ச்சலில் போன நம் பையன் அற்புதசாமியைக் குழியில் இறக்கும்போது என் வீட்டுக்காரி சகாயம் கதறியது. 'மண்ணு போடுறாங்களே' என்றாள். நான் முள் என்று மாற்றினேன், அவ்வளவுதான். பெற்றவன் நானும் அழுதுகொண்டுதானே இருந்தேன்? காது மட்டும் தனியாக வேலை பார்த்திருக்கிறது. சீ!

ஆனால் வரி நன்றாக இருக்கிறது. அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 31, ஞாயிறு

ஒத்திகை. தைரியராஜ் அந்த வரியை எடுத்ததும் வேடிக்கை பார்த்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "நம்ம எல்லாம் போன பொறவும் இது நிக்கும் சார்," என்றான். இளித்துக்கொண்டு நின்றேன்.

சகாயத்திடம் இன்னும் சொல்லவில்லை. பாஸ்கு முடியட்டும்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

சகாயம் முன்வரிசையில் இருந்தாள். புலம்பல் பாதியில் எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 21

ஈஸ்டர். சமையல் உண்டு, பேச்சு இல்லை. திட்டினாலாவது தேவலை. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் வாய் திறந்தாள்.

"நேத்து கல்லறைக்குப் போனேங்க. அழலாம்னு வாயைத் திறந்தா தைரியராஜு கொரலுதான் கேக்குது. நான் எதைச் சொல்லி அழுவேன்? என்கிட்ட இருந்ததே அதுதான்."

மன்னித்துக்கொள் என்றேன். அது ஒரு வார்த்தையா! எழுதுகிறவனாம், எழுதுகிறவன். வெட்கமாக இருக்கிறது.

மே 6

காட்டூர்ப் பக்கத்திலிருந்து பிச்சைமுத்து என்பவர் வந்தார். அடுத்த வருஷம் அவர்கள் ஊரிலும் போட வேண்டுமாம். புலம்பலை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். "அது இல்லாம எதுக்குங்க? எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு," என்று சிரிக்கிறார். நம் தெருக் குழாயடியில்கூட அதைப் பாடுகிறார்கள். சகாயம் குடத்தோடு அங்கேதான் நிற்கிறாள்.

செத்த பிறகும் நம் எழுத்து ஒன்று இருக்க வேண்டும் என்று எத்தனை ராத்திரி ஜெபம் பண்ணியிருப்பேன்! இருக்கும் போலத்தான் தெரிகிறது. நான் தாளைக் கிழித்தால் ஊர் வாயிலிருந்து போய்விடுமா?

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். புதிதாக எதுவும் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் அவள் அடுப்படியில் பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

இருவரும் போனோம். சாமந்தி வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். நானும் மண்டியிட்டேன். சுற்றிலும் கல்லறைக்குக் கல்லறை அழுகை. இவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு மேலாக இப்படித்தான்.

என் பக்கம் திரும்பாமலே, "கொஞ்சம் தள்ளிப் போங்க," என்றாள்.

சுவர் ஓரமாகப் போய் நின்றேன்.

"அங்க இல்ல. கேக்காத தூரத்துக்கு."

கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போய் நின்றேன். பஸ் ஒன்று போனது. கம்பிகளுக்கு நடுவே அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. என்ன சொல்லி அழுதாள் என்று காதில் விழவில்லை.